கார்ல் ஃப்ராய்ண்ட்: ஒற்றைக் கேமராவும் மூன்று கேமராவும்
'மெட்ரோபோலிஸ்' (1927) படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர், ஆஸ்கர் வாங்கியவர், 1951-இல் 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்க டிவி காமெடித் தொடருக்குப் போனார் என்றால் இறங்கிவிட்டார் என்றுதான் தோன்றும். எனக்கு அப்படித் தெரியவில்லை.

சினிமாவில் பெரும்பாலும் ஒரே கேமரா, ஷாட்டுக்கு ஷாட் விளக்கை மாற்றி, நிழல் எங்கே விழவேண்டும் என்று நிதானமாகப் பார்க்கலாம். 'ஐ லவ் லூசி'யில் அது நடக்காது. எதிரே பார்வையாளர்கள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்க, மூன்று 35 மிமீ கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும், அதனால் எந்தக் கோணத்திலும் கெடாத சீரான ஒளி வேண்டும், தரையில் கேமராக்கள் உருளணுமே, விளக்குகளைப் பெரும்பாலும் மேலே தொங்கவிட்டார். அழகு? சினிமாதான், சரி. ஆனால் நேரடி ஒளிபரப்பை டிவி திரையிலிருந்தே படமெடுத்த அன்றைய மங்கலான கினெஸ்கோப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தால், லூசி இன்றும் பளிச்சென்று இருக்கிறது.