முக்கூடல் கடையில் ஆறு வருஷம்: விரல்ரேகை ரீடர், லேப்டாப், போன்

திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடலில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில் இருக்கிற பெயர்தான். பென்ஷன், பி.எஃப்., பட்டா, பரீட்சை விண்ணப்பம் என்று முக்கால்வாசியும் ஆன்லைன் வேலை. 2019-ல் கடை திறந்தபோது வாங்கிய லேப்டாப் இன்னும் அதே மேசையில் ஓடுகிறது. விரல்ரேகை ரீடர் இது இரண்டாவது. போனுக்கு வயது நாலு.

பொருளைப் பிரித்த வாரத்திலேயே எழுதுகிற விமர்சனங்கள் எக்கச்சக்கமாகக் கிடைக்கின்றன. ஆறு வருஷம் தூசியும் வெயிலும் தின்ற பிறகு அந்தப் பொருள் எப்படி இருக்கிறது என்று எழுதுகிறவர்கள் குறைவு. எனக்கு அதைத்தான் எழுத வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்கிறவர்கள், "இது மட்டும் இப்படி இருந்தா நல்லாருக்கும்லா" என்று சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. பக்கத்துக் கடைகளில் வேறு கம்பெனிப் பொருள் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே இடங்களில்தான் அடி விழுகிறது.

முதலில் விரல்ரேகை ரீடர். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பீடி சுற்றியிருப்பார்கள். இலையை வெட்டி, தூள் வைத்து, உருட்டி, முனையை மடக்கி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி என்று முப்பது நாற்பது வருஷம் சுற்றிய கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும். அந்தக் கையோடுதான் வருஷத்துக்கு ஒருமுறை, ரேகை வைத்து உயிர்வாழ் சான்று கொடுக்க வருகிறார்கள். கொடுத்தால்தான் பி.எஃப். பென்ஷன் நிற்காமல் வரும். 2014-லிருந்து குறைந்தபட்சம் 1000 ரூபாய் என்று இருக்கிற அந்தப் பென்ஷன்தான் பல ஆச்சிகளுக்கு மாத்திரைச் செலவு.

ஒரு ஆச்சி பத்து விரலையும் வைத்துப் பார்த்தும் மிஷின் எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏட்டி, நல்லாப் பாரு. நான் உசிரோடத்தான இருக்கேன்?" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம்தான் இந்த மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

கடைகளில் இருக்கிற ரீடர்களில் பெரும்பாலானவை ஒளியை வைத்துப் படமெடுப்பவை. உள்ளே ஒரு விளக்கு, மேலே கண்ணாடி. ரேகையின் மேடு கண்ணாடியில் ஒட்டுகிற இடத்தில் வெளிச்சம் ஒரு மாதிரி திரும்பும், பள்ளத்தில் வேறு மாதிரி திரும்பும். அந்த வித்தியாசம்தான் படம். காய்ந்த விரல் கண்ணாடியில் சரியாக ஒட்டாது, கோடு துண்டு துண்டாக விழும். ஈரம் கூடிப்போனாலோ பள்ளமும் நிரம்பி எல்லாம் ஒரே அப்பலாகிவிடும். இது புரிந்த பிறகு மேசையில் ஈரத்துணி வைத்தேன். விரலைத் துடைத்து, அரை நிமிஷம் பொறுத்து, அப்புறம் வைக்கச் சொல்வேன். அதைவிடப் பலன் தந்தது வேறொன்று: கட்டைவிரலை விட்டுவிட்டு நேராக இடது கை மோதிர விரலுக்குப் போய்விடுகிறேன். பீடி சுற்றும்போது அந்த விரலுக்கு அவ்வளவு வேலை இல்லை, ரேகை மிஞ்சியிருக்கும்.

கம்பெனிக்காரர்கள் செய்யக்கூடியது இதைவிட அதிகம். கண்ணாடி மேல் மெல்லிய சிலிக்கான் படலம் ஒட்டிய ரீடர்கள் இருக்கின்றன. மெத்தென்று இருப்பதால் காய்ந்த விரலும் அதில் ஒட்டும். தோலுக்கு அடியில் இருக்கிற ரேகையைப் பல நிற ஒளியால் படிக்கிற ரகமும் இருக்கிறது. அது விலை கூடுதல், சின்னக் கடைக்குக் கட்டாது. முதல் ரகத்தையாவது சாதாரண விலையில் கொடுக்கலாம். படலம் தேய்ந்தால் தனியாக வாங்கி ஒட்டிக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். கண்ணாடிக்கு மேல் ஒரு சின்னக் குடையும் தேவை. என் கடை மேற்குப் பார்த்தது. சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் உள்ளே விழுந்தால் ரீடர் கண் கூசின மாதிரி ஆகிவிடும். சோப்பு டப்பா அட்டையை வெட்டி மறைப்பு செய்து வைத்திருக்கிறேன். அந்த அட்டை செய்கிற வேலையை ஒரு பிளாஸ்டிக் விளிம்பு செய்யாதா?

வயர்தான் இதில் படுமோசம். ரீடரோடு சேர்த்தே வைத்து அடைத்த வயர். ஒவ்வொருவரும் மிஷினைத் தன் பக்கம் இழுத்து வைப்பார்கள், எடுத்த பிறகு நான் என் பக்கம் இழுப்பேன். ஒரு நாளைக்கு நாற்பது இழுப்பு. பதினாலாவது மாசம் வயர் கழுத்தில் விட்டது. உள்ளே மிஷினுக்கு ஒரு குறையும் கிடையாது, வயர் மட்டும்தான் செத்தது. ஆனால் திறந்து வேறு வயர் போட முடியாது. பாதுகாப்புக்காகத் திறந்தாலே செயலிழக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். அது நியாயமும்கூட. ஆதாருக்கு ரேகை எடுக்கிற மிஷின் ஆயிற்றே. அப்படியானால் வயரைக் கழற்றி மாட்டுகிற மாதிரி யூ.எஸ்.பி. சி துளை வைத்துவிடுங்கள். நூறு ரூபாய் வயரோடு முடிகிற காரியம்.

அந்த ரீடரை அனுப்பிச் சரிசெய்து வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஆதாருக்கு இனி எல்-1 தர ரீடர்தான் வேண்டும் என்று ஆனது. பழைய எல்-0 ரகத்தில் ரேகை கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு மென்பொருள் அதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும். எல்-1 ரகத்தில் ரீடருக்கு உள்ளேயே பூட்டப்பட்டுத்தான் வெளியே வரும். மாற்றம் நல்லது, மறுக்கவில்லை. பழசைக் கொடுத்துப் புதுசை வாங்க ஒரு வழி வைத்திருக்கலாம். எங்களைப் போன்ற கடைகளில் ஓடுகிற ரீடர்கள் மேசை இழுப்பறைக்குள் போனதுதான் மிச்சம்.

2021 நவம்பரில் முகத்தைக் காட்டி உயிர்வாழ் சான்று கொடுக்கிற வழி வந்ததிலிருந்து ஆச்சிகள் பாடு பாதி குறைந்திருக்கிறது. விரலே வேண்டாம். இதற்கு என் போன்தான். பின்பக்கத்தில் எத்தனை கேமரா இருந்தால் எனக்கென்ன, முன்பக்கக் கேமரா மங்கலான வெளிச்சத்தில் மாநிறத்தையும் கறுப்பையும் தெளிவாக எடுக்க வேண்டும். ஆச்சி கண் சிமிட்டுவதை அது பார்க்க வேண்டும். மழை நாளில் வாசலுக்கு நாற்காலியைத் தூக்கிப் போட்டுத்தான் எடுக்கிறேன். முன்பக்கமும் ஒரு சின்ன விளக்கு வையுங்கள்.

இனி லேப்டாப். வேகம், நினைவகம் பற்றி எழுத ஒன்றுமில்லை. என் வேலைக்குப் போதும். கெட்டது எல்லாம் உடம்புதான்.

இரண்டாம் வருஷம் கீல் உடைந்தது. கீலே உடையவில்லை, அது திடமான இரும்பு. அந்த இரும்பைத் திருகிய பிளாஸ்டிக் குமிழ் பிளந்துகொண்டது. இறுக்கமான கீல், மெலிந்த பிளாஸ்டிக், நாளைக்குப் பத்துத் தடவை திறந்து மூடல். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு தம்பி எம்-சீல் வைத்து ஒட்டி, அடியிலிருந்து துளையிட்டு ஒரு போல்ட் போட்டுக் கொடுத்தார். நாலு வருஷமாக அசையவில்லை. கம்பெனி முதலிலேயே உலோகச் சட்டத்தில் திருகியிருந்தால் அந்தப் போல்ட்டுக்கு வேலையே இல்லை.

மூன்றாம் வருஷம் சித்திரையில் டச்பேட் மேலே எழும்பிக்கொண்டு வந்தது. முதலில் வெயிலில் பிளாஸ்டிக் வளைந்துவிட்டது என்று நினைத்தேன். அடியில் பேட்டரி உப்பியிருந்தது. லித்தியம் பேட்டரியை நூறு சதவீதத்திலேயே வைத்து, சூட்டிலும் வைத்தால் உள்ளே வாயு சேரும். கடையில் காலை ஒன்பது மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரை சார்ஜர் மாட்டியபடியே இருக்கும். தகரக் கூரை வேறு. இதே லித்தியம் பேட்டரி இருக்கிற ஐபோனின் கையேட்டில் புழங்குவதற்கு ஏற்ற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை என்று போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அக்னி நட்சத்திரத்தில் 38, 39 வெளியே அடிக்கும், கூரைக்குக் கீழே இன்னும் கூட. எண்பது சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்துகிற வசதி இந்த லேப்டாப்பிலேயே இருந்தது. அமைப்புகளுக்குள் ஐந்தாவது படியில் ஒளிந்திருந்தது. எப்போதும் கரண்டில் நிற்கிற மிஷின் என்று அதற்கே தெரியும்தானே, தானாகவே எண்பதில் நிற்கட்டும். தேவைப்படுகிறவர்கள் நூறுக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

அந்த உப்பின பேட்டரியைக் கழற்றப் பதினொரு திருகு, சுற்றிலும் பிளாஸ்டிக் லாக். முன்பெல்லாம் அடியில் ஒரு தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வரும். இன்று தீப்பிடிக்கக்கூடிய ஒரு பொருளை அவசரத்துக்கு வெளியே எடுக்க முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் போட்ட பேட்டரிச் சட்டத்தின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கிற சிறு கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். அந்த மாடல்களே இங்கேயும் வரவேண்டும், இந்தியாவுக்கென்று தனியாகப் பசை போட்டு ஒட்டியதை அனுப்பக் கூடாது. நம் நாட்டிலும் 2022-ல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் திறந்தது. உதிரிபாகத்தின் விலையையும் அதில் எழுதச் செய்தால் வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம்.

மின்விசிறி வருஷத்துக்கு ஒருமுறை தூசியில் அடைத்துக்கொள்ளும். ஆனி, ஆடிக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். விசிறிக்கு மட்டும் இரண்டு திருகில் ஒரு சின்ன மூடி போதும்.

லேப்டாப்பில் கை வைத்தால் சுர்ரென்று இழுக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். லேப்டாப்பின் மேல்மூடி உலோகம். சார்ஜருக்குள் மின் இரைச்சலைக் குறைக்க ஒரு சின்ன கெப்பாசிட்டர் உண்டு. அதன் வழியாகக் கசிகிற துளி மின்சாரம் எர்த் கம்பி வழியே மண்ணுக்குப் போக வேண்டும். என் கடை பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருந்தது, அதன் பின்னால் எர்த் இல்லை. வீட்டுக்கார அண்ணாச்சியிடம் சொல்லி, குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் அடித்தோம். அன்றோடு நின்றது. எர்த் இருக்கிறதா இல்லையா என்று காட்ட சார்ஜரில் ஒரு பொட்டு விளக்கு இருந்தால் மூன்று வருஷம் பயந்திருக்க மாட்டேன்.

விசைப்பலகைக்கு ஒரு வேண்டுகோள். தமிழ் 99 என்கிற தமிழ் விசைப்பலகை அமைப்பைத் தமிழக அரசு 1999-லேயே ஏற்றுக்கொண்டது. இடது கையில் உயிர், வலது கையில் மெய். தடவிப் பார்த்தால் தெரிகிற மேடு இருக்கும் எஃப் விசையில் புள்ளி, ஜே விசையில் ப. அவ்வளவு அழகான அமைப்பு. இத்தனை வருஷம் ஆகியும் கடையில் கிடைக்கிற லேப்டாப்பில் தமிழ் எழுத்து அச்சிட்டு வருவதில்லை. தட்டச்சு பழக வருகிற பிள்ளைகளுக்காக ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். வியர்வையில் முதலில் உரிவது அ.

போன் பற்றி வாடிக்கையாளர்கள் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு வாழை விவசாயி சித்தப்பா சொன்னது. ராத்திரி கரண்ட் வரும்போதுதான் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்ச முடியும். கையெல்லாம் சேறும் வாழைக்கறையும். திரையைத் தொட்டால் எடுக்காது. "என் பழைய பட்டன் போன்ல ஒரு பட்டன அமுக்கினா லைட்டு எரியும். பாம்பு கெடக்கும் வரப்புல நான் எங்க போய்த் திரையத் தேய்க்க?" என்றார். டார்ச்சுக்கு ஒரு நிஜமான பட்டன். இதைவிடத் தெளிவான யோசனையை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை.

உவரியில் இருக்கிற என் சிநேகிதியின் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். ஐ.பி. 68 என்று போட்ட போனை நம்பி வாங்கினார். அந்த 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. சோதனை செய்வது நல்ல தண்ணீரில். உப்புத் தண்ணீருக்கு அது உத்தரவாதம் கிடையாது. எட்டே மாசத்தில் சார்ஜ் போடுகிற துளை பச்சையாகப் பூத்துவிட்டது. இப்போது பாலித்தீன் பையில் சுற்றித்தான் கொண்டுபோகிறார். இத்தனை நீளக் கடற்கரை இருக்கிற நாட்டில் விற்கிற போனை உப்புக்காற்றிலும் சோதித்து, அதைப் பெட்டியில் அச்சிட வேண்டும். சார்ஜ் துளை இருக்கிற சிறு பலகையைத் தனியாக, மலிவாக மாற்றும்படி வைக்க வேண்டும். சில போன்களில் அப்படித்தான் இருக்கிறது, எல்லாவற்றிலும் வரட்டும்.

கடைசியாக 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை. தாமிரபரணி எங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனது, டவரும் போனது. கையில் போன் இருந்தும் ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பழைய போனில் எஃப்.எம். இருந்தது. இயர்போனை மாட்டி ரேடியோ கேட்டு அவர்தான் தெருவுக்கே செய்தி சொன்னார். அந்த வயர்தான் ரேடியோவுக்கு ஆன்டெனா. என் போனில் இயர்போன் மாட்டுகிற துளையே இல்லை, ஆகவே ரேடியோவும் இல்லை. போனில் எஃப்.எம். வசதியை முடக்காமல் கொடுங்கள் என்று மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023-லேயே கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியிருந்தது. அடுத்த போன் வாங்கும்போது அந்த வட்டத் துளை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

லேப்டாப்பை இப்போதைக்கு மாற்றுகிற எண்ணம் இல்லை. இரண்டாவது பேட்டரியும் தளர்ந்துவிட்டது, வண்ணார்பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் வந்துவிடும் என்றார்கள். வந்ததும் மாட்டி, முதல் நாளிலிருந்தே எண்பதில் நிறுத்தி ஓட்டப்போகிறேன். ஒரு வருஷம் கழித்து அது எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன்.