தெப்பக்காட்டில் ஒரு மாலையும் இரண்டு காலைகளும்

சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப் புலி 1930இல் சுவா சூ காங் பகுதியில் சுட்டு வீழ்த்தப்பட்டது என்று பள்ளியில் கேட்டுவந்த நாளிலிருந்து என் ஒன்பது வயது மகனின் நச்சரிப்பு தொடங்கிவிட்டது. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடும் அதே வட்டாரத்தில் இருப்பதால், தன் படுக்கையறைக்குக் கீழே புலி நடமாடியதாகவே அவன் அதை எடுத்துக்கொண்டான். மண்டாயில் 1994இல் திறக்கப்பட்ட இரவுச் சஃபாரிக்கு நான்கைந்து முறை அவனை அழைத்துப் போயிருக்கிறோம். அங்கே டிராம் வண்டி வளைவில் திரும்பும்போது, விலங்கும் அதற்குரிய இடத்தில், அதற்குரிய வெளிச்சத்தில் நின்றுகொண்டிருக்கும். அது அவனுக்குச் சலித்துவிட்டது. யாரும் சாப்பாடு போடாத புலியைத்தான் பார்க்க வேண்டும் என்றான். மேட்டுப்பாளையத்தில் பிறந்து, முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு இரண்டு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் வளர்ந்ததுபோலப் பேசித் திரிந்த எனக்கு, உண்மையில் அந்த வழி பாதி நாளைத் தின்றுவிடும் என்பது மறந்தே போயிருந்தது. 2024 டிசம்பர் விடுமுறையில் அம்மாவையும் சேர்த்துக்கொண்டு நான்கு பேராகப் புறப்பட்டோம்.

வெளிநாட்டிலிருந்து வருவோர் முதலில் கவனிக்க வேண்டியது இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். உள்ளூர்க்காரர்கள் கைப்பேசி எண்ணைக் கொண்டும், வெளிநாட்டவர்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டும் பதிவு செய்யலாம் என்பதால், இந்திய எண் இல்லாத நான் சாங்கி விமான நிலையத்தில் காத்திருந்த நேரத்திலேயே, வண்டி எண்ணை மட்டும் ஊரிலிருந்து கேட்டு வாங்கி, பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். சஃபாரி முன்பதிவுதான் இழுபறியாயிற்று. சிங்கப்பூர் வங்கி அட்டையை இணையப் பக்கம் மூன்று முறை மறுத்ததும், கோவையில் இருக்கும் சித்தப்பா மகனை அழைத்து அவன் யுபிஐ வழியாகப் பணம் கட்டச் சொன்னேன். சிங்கப்பூர் உட்படச் சில நாடுகளின் கைப்பேசி எண்ணை இந்தியாவிலுள்ள என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர்) வங்கிக் கணக்குடன் இணைத்து யுபிஐ பயன்படுத்தும் வசதி வந்து ஆண்டுக்கணக்காகிறது. அதைச் செய்யாமல் சோம்பி இருந்தது என் குற்றம்.

கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸைப் பார்த்த ஊழியர், அடுத்துப் பின்சீட்டை எட்டிப் பார்த்துத் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டம் முழுவதும் தடை. என்னிடம் இரண்டு பாட்டில்கள் சிக்கின. எவர்சில்வர் தூக்கில் எலுமிச்சைச் சாதமும் செம்பில் தண்ணீருமாக வந்திருந்த அம்மா, "உங்க ஊர்ல குப்பை போட்டா அபராதம்னு பெருமை பேசுவியேடா" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டார்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதை 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது, தூரம் குறைவு. ஆனால் விபத்துகளுக்குப் பிறகு, வெளி மாவட்டப் பதிவெண் கொண்ட வண்டிகளை அதில் கீழே இறங்க விடுவதில்லை. திரும்பும்போது ஏறி வரலாம். ஆகவே, முதுமலைச் சஃபாரி தொடங்கும் தெப்பக்காட்டுக்குக் கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். அதற்கெனக் கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

தங்கிய இடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. மசினகுடி வட்டாரத்தில் ஒரு தனியார் விடுதி, பெயர் வேண்டாம். இணையத்தில் அதன் முகப்புப் படமே ஒரு புலிதான். அறை சுத்தமாக இருந்தது, வெந்நீர் வந்தது, பரிமாறிய பையன்கள் தங்கமானவர்கள். ஆனால் இரவு எட்டு மணிக்கு முற்றத்தில் தீ மூட்டி, ஒலிபெருக்கியில் பாட்டு வைத்தார்கள். காட்டின் ஓரத்துக்கு வந்து படுத்தவர்களுக்கு எதற்குப் பாட்டு என்று மேலாளரிடம் கேட்டபோது, பாட்டு வைக்காவிட்டால்தான் விருந்தினர்கள் குறை சொல்கிறார்கள் என்றார். அதே முற்றத்தில் ஒரு ஜீப்காரர் என்னைத் தனியே அழைத்து, "ஒன்பது மணிக்கு மேல போனா கண்டிப்பாப் பாத்துரலாம் சார், பையன் ஆசைப்படறான்ல" என்றார். அவர் சொன்ன தொகை, எங்கள் நால்வரின் மூன்று சஃபாரிச் சீட்டுகளையும் சேர்த்தால் வரும் தொகையைவிடப் பல மடங்கு.

இந்த இரவுச் சவாரி சட்டவிரோதம் என்பதை அங்கே எல்லோரும் அறிவார்கள். வாங்குபவர்கள் இருப்பதால் விற்கிறார்கள், வாங்குபவர்களில் நம்மைப் போல் டாலரில் கணக்குப் போடுபவர்கள் நிறையப் பேர் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மசினகுடி இருக்கும் சீகூர்ப் பீடபூமியில் இத்தகைய விடுதிகள் நிற்கும் நிலமே யானைகளின் வலசைப் பாதை. உச்ச நீதிமன்றம் 2018இல் 27 விடுதிகளுக்குச் சீல் வைக்கச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் வலசைப் பாதையைக் காத்து அளித்த தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதியும் செய்தது. இரவில் யானை கடக்கும் வழியில் முகப்பு விளக்கைப் பாய்ச்சிக்கொண்டு ஜீப்பில் திரிவது யானைக்கும் ஆபத்து, ஏறியிருப்பவருக்கும் ஆபத்து. நான் வேண்டாம் என்றதும் மகன் அன்றிரவு என்னோடு பேசவில்லை.

தெப்பக்காடு வரவேற்பு மையத்தில் நடப்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அங்கே யாரும் எதையும் உறுதியளிப்பதில்லை. சீட்டு கொடுத்தவர் முதலில் சொன்னதே, "விலங்கு பார்ப்பது அவரவர் அதிர்ஷ்டம்" என்பதுதான். வனத்துறைச் சிற்றுந்தில் சன்னலோர இருக்கைகளுக்குக் கொஞ்சம் தள்ளுமுள்ளு உண்டு. ஓட்டுநருக்கு நேர்பின் இருக்கை கிடைத்தால் சாலையே முன்னால் விரியும் என்பதால், சன்னலைவிட அதுவே மேல். முதுமலை 1940இல் 62 சதுர கிலோமீட்டர் அளவில் சரணாலயமாகத் தொடங்கி, 2007இல் புலிகள் காப்பகமானது. இன்று மையப் பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர், வெளிமண்டலத்தையும் சேர்த்தால் 688. அதில் சிற்றுந்து போவது மிகச் சிறிய கீற்று. 2012இல் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு இடைக்காலத் தடை விதித்து, சில மாதங்களில் நீக்கியபோது வந்த வழிகாட்டு நெறிகளின்படி, மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது. மீதிக் காட்டில் புலி நம்மைப் பார்க்காமலேயே வாழ்ந்துவிடலாம்.

முதல் நாள் மாலைச் சவாரியில் புள்ளிமான்கள், மயில்கள், சாலையை மறித்து நின்ற காட்டெருமைக் கூட்டம், மூங்கில் புதருக்குள் முதுகு மட்டும் தெரிந்த ஒரு யானை ஆகியவற்றைப் பார்த்தோம். டிசம்பரில் மழை முடிந்து காடு பச்சை கட்டியிருக்கும்; போதாததற்கு உண்ணிச்செடி சாலையின் இருபுறமும் ஆளுயரத்துக்குச் சுவர் வைத்திருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி அது. இப்போது மான் மேயும் புல்லை எழ விடாமல் படர்ந்து கிடக்கிறது. அந்தச் சுவருக்கு அப்பால் பத்தடியில் புலி படுத்திருந்தாலும் நமக்குத் தெரியாது. கோடையில் இலை உதிர்ந்து, விலங்குகள் நீர்நிலைக்கு வரும்போது பார்ப்பது எளிது. ஆனால் காட்டுத்தீ அச்சம் வந்தால் அப்போது சஃபாரியையே நிறுத்திவிடுவார்கள். எங்கள் வண்டியில் வந்த சிலர், பத்து நிமிடத்துக்குப் பிறகு கைப்பேசியில் பாட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பாட்டு நிற்கும்வரை ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

அன்று மாலை யானை முகாமில் உணவு வேளையைப் பார்த்ததுதான் அம்மாவுக்குப் பயணத்தின் உச்சம். வேகவைத்த ராகிக் களியையும் கொள்ளையும் செங்கல் போலக் கட்டிகளாக்கி மேடையில் அடுக்கியிருந்தார்கள். எந்த யானைக்கு எவ்வளவு என்று பெயரோடு பலகையில் எழுதியிருந்தது. பாகன் ஒரு கட்டியை உடைத்து, உப்பும் வெல்லமும் வைத்து, இரண்டு கையாலும் உருட்டி, யானையின் பெயரைச் சொல்ல, அது துதிக்கையைத் தூக்கி வாயைத் திறந்தது. உருண்டையை நேராக நாக்கின் மேல் வைத்தார். பக்கத்தில் நின்ற காவடி, அதாவது பாகனின் உதவியாளர், கீழே உதிர்ந்த துணுக்குகளைப் பொறுக்கி அதே வாய்க்குக் கொடுத்தார். பேரனுக்குச் சோறு உருட்டிக் கொடுத்து வளர்த்த அம்மா, "உப்பு அளவாப் போடறாங்களாடா" என்று என்னிடம் கேட்டார். கால்நடை மருத்துவர் சொன்ன அளவுதான் என்று பாகனே பதில் சொன்னார். கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்றுதான் பார்க்க முடியும், தொட அனுமதியில்லை. அது சரியென்றே பட்டது.

மறுநாள் காலைச் சவாரி மூடுபனியில் கரைந்துபோனது. ஒரு மலபார் மலையணிலைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெயில் ஏறியபின் மசினகுடிச் சாலையில் நின்று தேநீர் குடித்தபோது, மாயாற்றுப் பள்ளத்தாக்கின் மேலே ஏழு பாறு கழுகுகள் சிறகசைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தன. டைக்குளோபினாக் என்ற வலிநீக்கி ஊசி போட்ட கால்நடைகளின் சடலங்களைத் தின்று நாடு முழுவதும் மடிந்து, 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டபின், தென்னிந்தியாவில் அவை கூடு கட்டி எஞ்சியிருக்கும் இடங்களில் இதுவே முக்கியமானது. புலியை விடவும் இவைதான் அரிது என்று மகனிடம் விளக்கிப் பார்த்தேன். எடுபடவில்லை.

கட்டணம் பற்றி ஒன்று. இந்தியக் காப்பகங்களில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் உண்டு; பல மடங்கு அதிகம். ஆனால் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தேசியப் பூங்கா, சரணாலய நுழைவுக் கட்டணத்தில் இந்தியக் குடிமக்களுக்குச் சமமான உரிமை உண்டு; 2021 மார்ச் 4 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கையில் அது தெளிவாகவே இருக்கிறது. மூன்றாண்டுகளுக்கு முன் வடக்கே ஒரு காப்பகத்தில், சீட்டு முகப்பில் இருந்தவர் சிங்கப்பூர்க் கடப்பிதழைப் பார்த்த மாத்திரத்தில் வெளிநாட்டவர் கட்டணம் போட்டுவிட்டார். ஓசிஐ அட்டையை ஏதோ விசா என்று திருப்பித் தந்தார். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பின், மேலதிகாரி ஒருவர் வந்து என் கைப்பேசியில் இருந்த அறிவிக்கையைப் படித்துவிட்டுக் கட்டணத்தைக் குறைத்தார், அதற்குள் காலை வண்டி போய்விட்டது. அதிலிருந்து அந்த அறிவிக்கையின் அச்சுப்படி எங்கள் கடப்பிதழ்ப் பையிலேயே கிடக்கிறது. முன்பதிவில் எந்த அடையாள எண்ணைக் கொடுத்தீர்களோ அதன் அசலைக் கொண்டுபோவதும் முக்கியம். நகலை ஏற்க மாட்டார்கள்.

கடைசிக் காலை. முதல் நாள் வந்த அதே ஓட்டுநர். முந்தைய இரவு தூறியிருந்ததால் மண்பாதை மெத்தென்று இருந்தது. ஒரு வளைவில் கடமான் ஒன்று அடித்தொண்டையில் கத்தியது. சற்றுத் தள்ளி மந்திகள் மரத்தின் உச்சியிலிருந்து பதில் கொடுத்தன. வண்டி நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஐந்து நிமிடம் போயிருக்கும். எதுவும் வரவில்லை. ஓட்டுநர் வண்டியை மெல்ல நகர்த்தி, பாதையின் ஓரத்தைக் கையால் காட்டினார். ஈரமண்ணில் ஒரு காலடித் தடம். என் உள்ளங்கையைவிட அகலம், நகம் பதியாத நான்கு விரல்கள். "தம்பி, நல்லாப் பாரு. நமக்கு முன்னாடி போன வண்டியோட டயர்த் தடம் இருக்கில்ல? அதுக்கு மேல மிதிச்சிருக்கு. அந்த வண்டி போயி இருபது நிமிசம் ஆகல" என்றார். மகன் சன்னல் கம்பியில் முகத்தை அழுத்தியபடி, தடத்தையும் உண்ணிச்செடியையும் மாறி மாறிப் பார்த்தான். இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் காலை இருக்கைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டான்.

2021 அக்டோபரில் டி23 என்ற புலியை இதே மசினகுடிப் பக்கம் உயிரோடு பிடிக்க, கும்கி யானைகள், மோப்ப நாய்கள், டிரோன்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே 21 நாள் பிடித்தது என்று ஓட்டுநர் சொன்னபோது, பின்னிருக்கையில் இருந்தவர்கள் நம்பாமல் சிரித்தார்கள். 2022 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் ஐந்து காப்பகங்களையும் பிற காடுகளையும் சேர்த்தே 306 புலிகள்தான். ஒரு மணி நேரச் சிற்றுந்துப் பயணத்தில் அதில் ஒன்று எதிரே வந்து நிற்க வேண்டும் என்று கேட்பது கொஞ்சம் அதிகம்தான்.

திரும்பி வந்ததும், சிரித்தவர்களில் ஒருவர் நேராகச் சீட்டு முகப்புக்குப் போய், புலி வரவில்லையே, பாதிப் பணமாவது திருப்பித் தரக்கூடாதா என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. முகப்பில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மானும் மயிலும் பாத்தீங்கல்ல சார்? அதுக்குத் தனியாக் காசு வாங்கலையே" என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டிக்குச் சீட்டுக் கிழிக்கத் தொடங்கினார்.