ரங்கூனில் கூட்டு வியாபாரப் பத்திரம் எழுதித் தரும் ஓர் அலுவலகம்

பாயின்னவுங் மண்டியில் நானும் என் மைத்துனரும் ஐந்து ஆண்டுகளாக வாய்ப்பேச்சை நம்பியே உளுந்தும் துவரையும் வாங்கி விற்று வந்தோம். அதைப் பத்திரமாக்கிக்கொள்ள, ஒரு காலத்தில் செட்டியார்களின் வட்டிக்கடைகள் நிறைந்திருந்த மொகல் தெருவுக்கு அருகிலுள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்குச் சென்றோம்.

"சொந்தக்காரர்களுக்குள் எதற்குப் பத்திரம்?" என்று மைத்துனர் கேட்டதும், பெரியவரான அந்த வழக்கறிஞர் 1932ஆம் ஆண்டுப் பங்குதாரர் சட்டத்தைத் திறந்து 5ஆம் பிரிவைக் காட்டினார். கூட்டு என்பது ஒப்பந்தத்தால் பிறப்பதே தவிர உறவால் அன்று என்றும், இந்துக் கூட்டுக் குடும்பத்தாரோ பர்மிய பௌத்தக் கணவன் மனைவியோ அந்த முறையில் நடத்தும் தொழிலில் அவர்கள் பங்குதாரர் ஆகமாட்டார்கள் என்றும் அப்பிரிவு சொல்கிறது. தாயாதியையும் தொழில் கூட்டாளியையும் 'பங்காளி' என்ற ஒரே சொல்லால் அழைக்கும் நமக்கு இந்த வேறுபாடு எளிதில் உறைப்பதில்லை.

இச்சட்டம் வந்த வழியையும் அவர் விளக்கினார். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் அத்தியாயமாக, 239 முதல் 266 வரையிலான பிரிவுகளில் அடங்கியிருந்த கூட்டு வியாபார விதிகள் 1932இல் தனிச் சட்டமாயின. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்த பின்னும் இரு சட்டங்களும் இங்கே நிலைத்தன. பங்குதாரர் சட்டம் தனிக்குடித்தனம் போனாலும் தாய்வீட்டு உறவு அறவில்லை: முரண்படாத இடங்களில் ஒப்பந்தச் சட்டமே தொடரும் என்கிறது 3ஆம் பிரிவு. அதனால்தான் மைத்துனரின், ஒப்பந்தம் செய்யும் வயதை எட்டாத பதினாறு வயது மகனை முழுப் பங்குதாரராக்க வழியில்லை. அனைவரும் இசைந்தால் லாபத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வளவு பொறுமையாக விளக்கும் இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் எழுதிக் கொடுத்த வரைவு அந்த விளக்கத்தின் தரத்துக்கு இல்லை. நான் அறுபது பங்கும் மைத்துனர் நாற்பது பங்குமாக முதல் போட்டதைக் குறித்தவர்கள், லாபப் பங்கீட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. வேறு உடன்பாடு இல்லாவிட்டால், போட்ட முதல் எவ்வளவாயினும் லாப நட்டம் இரண்டும் சமம் என்பதே 13ஆம் பிரிவு. இரவு விளக்கடியில் நான் வரிவரியாகப் படித்திராவிட்டால் இது கண்ணில் பட்டிருக்காது. பங்குதாரர் ஒருவர் இறந்தாலும் தொழில் தொடரும் என்ற வாசகத்தை மட்டும் மறவாமல் சேர்த்திருந்தார்கள்; அது இல்லையென்றால் மரணத்தோடு கூட்டும் கலைந்துவிடும்.

பதிவு குறித்துக் கேட்டபோது உதவியாளர், "கட்டாயமில்லை" என்று முடித்துக்கொண்டார். அது பாதி உண்மைதான். பதிவில்லாத கூட்டு, ஒப்பந்தப்படி தனக்கு வரவேண்டிய பணத்துக்காக வெளியார்மேல் வழக்குத் தொடுக்க 69ஆம் பிரிவு தடையாக நிற்கிறது. மாந்தலேயில் கடனுக்குச் சரக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் எங்களைப் போன்றவர்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதுவே.

பத்திரம் பர்மிய மொழியில் மட்டுமே கிடைக்கிறது. தமிழில் பொருள் சொல்ல ஒரு குமாஸ்தா இருக்கிறார், காலையில் மட்டும். பிழையைச் சுட்டியதும் மறுப்புச் சொல்லாமல், கூடுதல் கட்டணமும் கேட்காமல் இரண்டே நாளில் திருத்தித் தந்தார்கள். கையெழுத்தாகிவிட்டது, பதிவு விண்ணப்பத்தை மட்டும் நாங்களே எழுதிக்கொண்டிருக்கிறோம்.