எல்லைப்புறப் போருக்கு ஏற்ற விண்மீன் எது? டிராப்பிஸ்ட்-1, ஆல்ஃபா சென்டாரி, டௌ செட்டி: ஓர் ஒப்பீட்டு அலசல்

விண்வெளியில் கப்பலோட்டும் இரண்டு வல்லரசுகள், தத்தம் தாயகத்திலிருந்து வெகுதொலைவில் உள்ள ஒரு விண்மீன் குடும்பத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போரிடுகின்றன. எவரும் முழுமையாக வெல்வதில்லை, எவரும் விட்டுக்கொடுப்பதும் இல்லை. அறிவியல் புனைகதைகளிலும் கணினி விளையாட்டுகளிலும் அலுக்காமல் திரும்பத் திரும்ப வரும் களம் இது. பெரும்பாலும் இதற்கு ஒரு கற்பனைப் பெயரைச் சூட்டி, உள்ளே நுழைய ஒரே ஒரு மாயவாயிலையும் வைத்துவிடுகிறார்கள். காவல் காக்கக் கணவாயோ நீரிணையோ இல்லாத வெட்டவெளியில் அப்படி ஒரு குறுகிய வழியை வலிந்து உண்டாக்கினால்தான் கதை நகரும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வானியலாளர்கள் அளந்து வைத்திருக்கும் உண்மையான விண்மீன் குடும்பங்களே போரின் போக்கைத் தீர்மானிக்கப் போதுமானவை. அவற்றுள் மூன்றை எடுத்துக்கொண்டு, எல்லைப்புறப் போர் எதில் நம்பும்படி நடக்கும் என்று இங்கே பார்க்கிறேன்.

ஆயுதங்களைப் பற்றிய பேச்சை முதலிலேயே முடித்துவிடலாம். ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் வரும் ஒரு கிலோ எடையுள்ள பொருள் மோதினால், ஏறத்தாழ 1,00,000 டன் டிஎன்டி வெடித்ததற்கு இணையான ஆற்றல் வெளிப்படும். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டின் வலிமை சுமார் 15,000 டன்தான். விண்மீன்களுக்கிடையே போய்வரத் தெரிந்த அரசுக்குத் தனியாக அணுகுண்டு எதற்கு? கப்பலே குண்டு. ஆகவே இந்தப் போர் நீடிக்க வேண்டுமானால், இரு தரப்பும் அந்த இடத்தை அழிக்க அல்ல, உருப்படியாக அடையவே விரும்ப வேண்டும். அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டபின் ஒப்பிடுவதற்கு எஞ்சுவது காலம் ஒன்றுதான்: செய்தி போய்ச்சேரும் காலம், கப்பல் போய்ச்சேரும் காலம்.

தாயகம் நம் பூமி என்றே வைத்துக்கொள்வோம். ஆல்ஃபா சென்டாரி 4.37 ஒளியாண்டுத் தொலைவிலும், டௌ செட்டி 11.9 ஒளியாண்டுத் தொலைவிலும், டிராப்பிஸ்ட்-1 ஏறத்தாழ 40 ஒளியாண்டுத் தொலைவிலும் உள்ளன. ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கு என்பதே மிகத் தாராளமான கணக்கு. 1970களில் பிரித்தானியக் கோளிடைச் சங்கம் வகுத்த டெடலஸ் திட்டத்தில், 50,000 டன் எரிபொருளைச் செலவழித்து ஒளிவேகத்தில் 12 விழுக்காட்டை எட்டும் ஆளில்லாக் கலத்துக்குச் சேருமிடத்தில் நிற்கக்கூட வழியில்லை. அந்தத் தாராளத்தோடு பார்த்தாலும், கூடுதல் படை ஆல்ஃபா சென்டாரியை அடைய 44 ஆண்டும், டௌ செட்டியை அடைய 119 ஆண்டும், டிராப்பிஸ்ட்-1ஐ அடைய 400 ஆண்டும் ஆகும். போர் நிறுத்த ஆணை வெறும் வானொலிச் செய்தியாகப் போனாலும் டிராப்பிஸ்ட்-1இல் அது காதில் விழ 40 ஆண்டு காத்திருக்க வேண்டும். இது கற்பனைச் சிக்கல் அல்ல. 1783 ஜூன் மாதத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடலூரில் தரையிலும் கடலிலும் மோதிக்கொண்டபோது, ஐரோப்பாவில் அவர்களுடைய அரசுகள் முன்சமாதானத்தில் கையெழுத்திட்டு ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன; செய்தி கப்பலில் வந்து சேர்ந்தபிறகே பீரங்கிகள் ஓய்ந்தன. அந்த ஐந்து மாதத்தை 40 ஆண்டாக நீட்டினால், எல்லைப்புறத்தில் இருப்பவர்கள் தாயகத்தின் படைவீரர்கள் என்று சொல்வதற்கே பொருள் இருக்காது.

டிராப்பிஸ்ட்-1ஐப் பலரும் விரும்புவதன் காரணம் எனக்குப் புரிகிறது. 2017 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட செய்தியின்படி, வியாழனைவிடச் சற்றே பெரிய அந்தச் சிவப்புக் குள்ள விண்மீனைப் பூமியளவான ஏழு கோள்கள் சுற்றுகின்றன; ஆளுக்கு மூன்று கோள், நடுவில் ஒன்று என்று பங்குபிரித்துவிடத் தோன்றும். ஆனால் அளவுகளைப் பாருங்கள். ஏழாவது கோளின் சுற்றுப்பாதையே விண்மீனிலிருந்து 0.062 வானியல் அலகுத் தொலைவில்தான் உள்ளது (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவே ஒரு வானியல் அலகு). அதைக் கடக்க ஒளிக்கு அரை நிமிடம் போதும். நீர் திரவமாக இருக்கக்கூடிய வாழ்தகு மண்டலத்தில் உள்ள ‘இ’ கோளும் ‘எஃப்’ கோளும் 18 நாட்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடக்கின்றன. அவசரமில்லாத, எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் பாதையில் போனாலே ஒன்றிலிருந்து மற்றொன்றை நான்கு நாட்களுக்குள் அடைந்துவிடலாம். அப்பல்லோ வீரர்கள் நிலவுக்குச் செல்ல மூன்று நாட்கள் எடுத்துக்கொண்டார்கள்.

‘இ’ கோளின் இருள்பக்கத்தில் நிற்கும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அந்தக் கோள்கள் பெரும்பாலும் விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டியபடியே சுற்றுகின்றன என்று கருதப்படுவதால், அவருக்கு விடியல் என்பதே கிடையாது. 18 நாட்களுக்கு ஒருமுறை ‘எஃப்’ கோள் அவருடைய தலைக்கு மேல், நம் முழுநிலவின் அளவில், முழு ஒளியோடு நிற்கும். எதிரியின் நாடு வெறும் கண்ணுக்குத் தெரியும். அங்கே பெரிய வெடிப்பொன்று நிகழ்ந்தால் அதன் வெளிச்சம் ஐந்து வினாடிக்குள் இங்கே வந்துவிடும். காட்சி அபாரமானதுதான், எல்லைப்புறம் மட்டும் அதில் இல்லை. இது சுவரை ஒட்டிய இரண்டு வீட்டாரின் சண்டை. எப்போது யார் யாருக்கு அருகில் வருவார் என்பதை ஏழு கோள்களின் சுற்றுக்காலங்களுக்கிடையே உள்ள ஒத்திசைவு முன்கூட்டியே எழுதிவைத்திருப்பதால், தாக்குதலுக்கான பஞ்சாங்கம் இரு தரப்பின் கையிலும் இருக்கும். ஒளிய இடமில்லை, பின்வாங்க இடமில்லை, வியப்புக்கும் இடமில்லை. இத்தகைய இடத்தில் போர் தொடங்கிய சில வாரங்களுக்குள் முடிந்துவிடும், அல்லது தொடங்கவே தொடங்காது. போதாததற்கு, உள்ளிருக்கும் இரண்டு கோள்களிலும் அடர்ந்த வளிமண்டலம் இருப்பதற்கான அறிகுறி தென்படவில்லை என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் காட்டியது. மற்ற கோள்களின் நிலையும் அதுவே என்றால், சண்டையிட அங்கே என்ன இருக்கிறது என்ற கேள்வியும் எழும்.

ஆல்ஃபா சென்டாரி இதற்கு நேர்மாறானது. அங்கே நம் சூரியனை ஒத்த ‘ஏ’, அதைவிடச் சற்றுச் சிறிய ‘பி’ என்ற இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவருகின்றன. அவற்றுக்கிடையிலான தொலைவு 11 வானியல் அலகிலிருந்து கிட்டத்தட்ட 36 வரை மாறுகிறது. கடைசியாக 1955இல் அவை நெருங்கின. அடுத்த நெருக்கம் 2035இல். வினாடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் போர்க்கப்பல் நெருக்கக் காலத்தில் ஆறரை மாதத்தில் மறுகரையைத் தொடும். விலகிய காலத்தில் இருபது மாதமும் போதாது. கப்பலுக்கு முன்னால் போகும் செய்திக்கு முதல் நிலையில் ஒன்றரை மணி நேரமும் இரண்டாம் நிலையில் ஐந்து மணி நேரமும் பிடிக்கும். ‘ஏ’ விண்மீனின் கோளொன்றில் வாழ்பவருக்கு எதிரியின் சூரியன் இரவு வானில் நெருங்கிய ஆண்டுகளில் ஆயிரம் முழுநிலவுக்கு மேலாகவும், விலகிய ஆண்டுகளில் நூற்றைம்பது முழுநிலவு அளவிலும் ஒளிரும். போர்ப்பருவம் நெருங்குகிறது என்பதை நாட்காட்டியைப் பார்த்து அறிய வேண்டியதில்லை. இரவின் வெளிச்சமே சொல்லிவிடும். ஒரு மனித ஆயுளில் ஒரு போர்ப்பருவம், ஒரு நீண்ட இடைவெளி. பாட்டன் கண்ட போரைப் பேரன் காணும் இந்தத் தாளம், நெடுங்கதை எழுதுபவருக்கு வானமே வகுத்துத் தந்த அத்தியாயப் பிரிவு எனலாம்.

இக்குடும்பத்தின் மூன்றாவது விண்மீனான புராக்சிமாவை இந்தப் போருக்குள் இழுப்பது வீண்வேலை. மற்ற இரண்டிலிருந்தும் அது சுமார் 13,000 வானியல் அலகுத் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து உதவி கேட்டு அனுப்பும் குரல் போய்ச்சேரவே இரண்டரை மாதம் ஆகும். 2019 மே மாதம் அதில் எழுந்த சுவாலை சில வினாடிகளுக்குள் அதன் புறஊதா ஒளியைப் பதினாலாயிரம் மடங்கு கூட்டியது. அகதிகள் போய் ஒதுங்கும் இடமாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சிறப்பிருந்தும் ஆல்ஃபா சென்டாரியிடம் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. இரு தரப்புக்கும் தனித்தனியே சூரியன் இருக்கிறது. அவரவர் சூரியனின் வெளிச்சத்தில் அவரவர் வாழலாம். எதிரியிடம் இருப்பதில் தன்னிடம் இல்லாதது எதுவும் இல்லை. இது நடுவே கடல் கிடக்கும் இரண்டு நாடுகளின் பகை. அதில் பெருமிதமும் பழியும் இருக்கும். ஒரே மண்ணுக்காக இருவர் மல்லுக்கட்டும் பசி இருக்காது.

டௌ செட்டியை இந்த வகைக் கதைகளுக்குப் பலரும் பரிந்துரைப்பதில்லை. அதன் கோள்களைப் பற்றி 2012 முதல் வெவ்வேறு கணக்குகள் வெளிவந்தும் எதுவும் ஐயமின்றி உறுதிப்படவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே உறுதியாக இருப்பது குப்பை. சூரியனைவிடச் சற்றுச் சிறிய, அமைதியான அந்த விண்மீனைச் சுற்றி, சுமார் 6 வானியல் அலகிலிருந்து 52 வரை, நம் சூரியக் குடும்பத்தின் கைப்பர் பட்டையில் (நெப்டியூனுக்கு அப்பால் உள்ள பனிப்பாறைகளின் பட்டை) இருப்பதைப்போல் பத்து மடங்குக்கு மேற்பட்ட தூசியும் பாறையும் பனித்துண்டுகளும் பரந்து கிடக்கின்றன. போர் தொடங்கும் முன்பே போர்க்களம்போல் கிடக்கும் இடம் அது.

அந்தப் பாறைக்கூட்டத்துக்குள் கப்பல்கள் புகுந்து ஒளியலாம் என்று நினைக்க வேண்டாம். நம் சிறுகோள் பட்டையை 1972–73இல் பயனியர் 10 விண்கலம் ஒரு கீறலும் இல்லாமல் கடந்தது; துண்டுகளுக்கிடையே அவ்வளவு வெற்றிடம். டௌ செட்டியில் நெருக்கம் கூடுதலாக இருந்தாலும், உறைந்த பாறைகளுக்கு நடுவே மனிதர் வாழும் கப்பலின் வெப்பம் அகச்சிவப்புக் கருவிக்கு இருட்டில் எரியும் விளக்காகவே தெரியும். அந்தப் பட்டையின் பயன் வேறு. உள்ளே, விண்மீனுக்கு 0.7 வானியல் அலகுத் தொலைவில், பூமி பெறும் அளவுக்கே வெயில் கிடைக்கும். வெளிவிளிம்பில் அதில் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான். உள்வட்டத்தைப் பிடித்தவருக்கு ஆற்றலுக்குக் குறைவில்லை. ஆனால் கட்டுமானத்துக்கான ஒவ்வொரு டன்னையும் ஒரு கோளின் ஈர்ப்பிலிருந்து பிய்த்து மேலே ஏற்ற வேண்டும். பூமியிலிருந்து விடுபட வினாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் தேவை. சீரிஸ் போன்ற குறுங்கோளிலிருந்து விடுபட அரை கிலோமீட்டர் போதும். வெளிவட்டத்தைப் பிடித்தவரிடம் நீரும் உலோகமும் எடுக்க எடுக்கக் குறையாது. அவருக்கு வெயில் இல்லை. ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை என்ற இந்த நிலையில் வணிகமும் போரும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கும். எல்லைப்புறம் என்ற சொல்லுக்கு மூன்று களங்களுள் இது ஒன்றே பொருந்துகிறது.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது பாறைகளின் மெதுவான வேகம். 2022 செப்டம்பரில் டார்ட் என்ற சிறிய விண்கலம் டைமார்ஃபஸ் என்ற குறுநிலவில் மோதி, அது தன் தாய்ச் சிறுகோளைச் சுற்றும் நேரத்தை அரை மணிக்கும் மேலாகக் குறைத்தது. பாறையைத் திசைதிருப்புவது இன்று கைக்கெட்டிய வித்தை. டௌ செட்டியின் பட்டையில், ஏற்கெனவே உள்நோக்கிச் சரியும் நிலையில் உள்ள ஒரு பாறையைத் தேர்ந்து மெல்லத் தள்ளிவிட்டால், உள்விளிம்பிலிருந்து அது மூன்றரை ஆண்டில் உள்வட்டத்தை அடையும். வெளிவிளிம்பிலிருந்து எழுபது ஆண்டுக்கு மேல் ஆகும். வந்து சேரும்போது அதன் வேகம் வினாடிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். அதில் வெப்பம் இல்லை, எந்திரம் இல்லை, கொடி இல்லை. இயல்பாகவே வால்மீன்கள் மிகுதியாக விழக்கூடிய அத்தகைய இடத்தில், ஒரு நகரை அழித்த கல் தானாக விழுந்ததா, எதிரி தள்ளியதா என்பதை விழுந்தபின் யாரால் நிறுவ முடியும்? டிராப்பிஸ்ட்-1இல் ஐந்து வினாடியில் தெரிந்துவிடும் உண்மை இங்கே இரண்டு தலைமுறைக்கு வழக்காக இழுபடும்.

ஆகவே என் தேர்வு டௌ செட்டி. ஒரே சிறுகதைக்குள் தொடங்கி முடியும் போரென்றால் டிராப்பிஸ்ட்-1ஐயும், வம்சக்கதையென்றால் ஆல்ஃபா சென்டாரியையும் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் சமாதானம் எப்படி இருக்கும் என்ற ஒரு கேள்வியிலேயே டௌ செட்டி மற்ற இரண்டையும் விஞ்சிவிடுகிறது. அங்கே ஒப்பந்தத்தின் முதல் இணைப்பு, தள்ளிவிட்ட பாறைகளின் பட்டியலாகத்தான் இருக்க முடியும்: எந்தப் பாறை, எந்த ஆண்டில், எந்த வேகத்தில், எந்தத் திசையில் தள்ளப்பட்டது என்று ஒவ்வொரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தவை அனைத்தையும் இரு தரப்புக் கப்பல்களும் சேர்ந்து தேடிப்போய்த் திருப்பிவிட்ட பிறகும், கையெழுத்திட்டவர்கள் எவரும் உயிரோடு இல்லாத ஓர் ஆண்டில், பட்டியலில் இல்லாத ஒரு கல் உள்வட்டத்தை நோக்கி வருவதைக் காவல்நிலையத்தில் இருக்கும் இளம் அதிகாரி ஒருத்தி காண்பாள். அது வால்மீனா, யாரோ மறைத்த ஆயுதமா என்று அவள் தன் மேலதிகாரிக்கு எழுதும் அறிக்கையிலிருந்து என் கதையைத் தொடங்குவேன்.