எட்டடி ஃபோம் போர்டு: கோவளத்துக் கடலில் மூன்று சீசன் உழைத்த பிறகு

எந்த சர்ஃபிங் போர்டு என்பதை முதலில் சொல்லிவிடலாம். 8 அடி நீளம், 22.5 அங்குல அகலம், 3.25 அங்குலத் தடிமன், கொள்ளளவு 86 லிட்டர். உள்ளே தெர்மகோல் கட்டை, அதில் நீளவாக்கில் பதித்த மூன்று மரச்சட்டம், மேலே மெத்தென்ற ஃபோம், அடியில் வழவழப்பான பிளாஸ்டிக் தகடு, வாலில் வளைந்து கொடுக்கும் மூன்று ஃபின் (அடியில் நீட்டி நிற்கும் சின்னத் துடுப்புகள்). சர்ஃபிங் பள்ளிகளில் முதல் நாள் கையில் கொடுப்பது பெரும்பாலும் இந்த வகைதான். பிராண்டு மாறினாலும் கட்டுமானம் அதிகம் மாறாது. ஓட்டியது சென்னைக்குத் தெற்கே ஈசிஆரில் இருக்கும் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும். மூன்று சீசன், வாரத்துக்கு இரண்டு மூன்று காலை. ஏறியவர்கள் 52 கிலோவிலிருந்து 90 கிலோ வரை.

கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பொருத்தமான போர்டு இல்லை. ஆனால் கடல் இதைக் கெடுத்ததைவிட வெயில் கெடுத்ததுதான் அதிகம். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் லிட்டர் கணக்கு. 70 கிலோ ஆள் 86 லிட்டர் போர்டில் படுத்தால் அது தண்ணீருக்கு மேலேயே நிற்கும். பேடில் பண்ணும் (படுத்தபடி கையால் தண்ணீரை வலிக்கும்) பலம் முழுக்க முன்னே போகச் செலவாகும். அதே ஆள் 40 லிட்டர் போர்டில் படுத்தால் பாதி மூழ்கிக் கிடப்பார், அலை அவரை விட்டுவிட்டுப் போய்விடும். எடையைவிடக் கொஞ்சம் கூடுதலான லிட்டர் என்று வைத்துக்கொண்டால் தொடக்கத்துக்குச் சரி. 90 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் 9 அடிக்குப் போவது நல்லது. 50 கிலோவுக்குக் கீழே என்றால் 7 அடி போதும். 22.5 அங்குல அகலம் கை நீளம் குறைந்தவர்களின் அக்குளில் அடங்காது. தலையில் வைத்துத்தான் தூக்க வேண்டும். காற்று அடிக்கும்போது போர்டின் மூக்கை, அதாவது முன்நுனியை, காற்றுக்கு நேரே திருப்பி நடக்கவும். குறுக்கே பிடித்தால் பாய்மரம்தான், ஆளையே சுழற்றிவிடும்.

படுக்கும் இடத்தைச் சரிசெய்ய ஒரு எளிய வழி உண்டு. அசையாத தண்ணீரில் படுத்து, மூக்கு நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று விரல்கடை நிற்கும்வரை முன்னும் பின்னும் நகருங்கள். சரியான இடம் வந்ததும் தாடைக்குக் கீழே வாக்ஸால் (கால் வழுக்காமல் இருக்க போர்டில் தேய்க்கும் மெழுகு) ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை தாடை கோட்டுக்கு வந்தால் போதும். கோட்டைத் தாண்டிப் படுத்தால் அலை தூக்கியதும் மூக்கு குத்தி, ஆள் தலைகுப்புறப் போவார். பின்னால் படுத்தால் வால் அழுந்தி, அலை அடியில் நழுவிவிடும். "எவ்வளவு கை போட்டாலும் அலை பிடிக்கவே மாட்டேங்குது" என்று புலம்புபவர்களில் பெரும்பாலோர் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் கிடப்பவர்கள்.

எழுந்து நிற்பதில் நடக்கும் தவறுகள் எல்லோருக்கும் ஒன்றுதான். உள்ளங்கை இரண்டும் கடைசி விலா எலும்பின் பக்கத்தில், போர்டின் மேல்தளத்தில் தட்டையாக இருக்க வேண்டும். ஓரத்தைப் பிடித்தால் அழுத்தம் ஒரு பக்கம் கூடி போர்டு கவிழும். கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கி, பின்கால் ஃபின்னுக்குச் சற்று முன்னே, முன்கால் கைகளுக்கு நடுவே, இரண்டும் ஒரே மூச்சில் வர வேண்டும். கண் கரையில் இருக்கட்டும். காலைப் பார்த்த கணத்தில் தலை கவிழ்ந்து எடை முன்னே சாயும். இங்கேதான் இந்த போர்டின் ஒரு கெட்ட குணம் வெளிப்படும்: அதற்குப் பொறுமை அதிகம். முழங்காலை ஊன்றி, ஆற அமர எழுந்தாலும் கவிழாது. அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் செங்குத்தான அலைக்குப் போகும்போது எழுந்திருக்க நேரமே இருக்காது. கடலுக்குப் போகாத நாளில் வீட்டுப் பாயில் தினம் இருபது முறை, முழங்கால் தரையில் படாமல் எழுந்து பழகினால் அது தானாக விடும்.

முதல் ஐந்தாறு காலை இடுப்பளவுத் தண்ணீரில், உடைந்து வரும் நுரையில் மட்டும். நுரை ஐந்து மீட்டர் தூரத்தில் இருக்கும்போதே பேடில் தொடங்கி, வால் தூக்கியதும் இன்னும் இரண்டு கை கூடுதலாகப் போட்டு, பிறகு எழ வேண்டும். அந்தக் கடைசி இரண்டு கையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விழுவதையும் இப்போதே பழக வேண்டும்: பக்கவாட்டில், தட்டையாக, ஒருபோதும் தலை முன்னால் போகாமல். மேலே வரும்போது கை தலைக்கு மேல். ஃபோம் என்றாலும் 86 லிட்டர் போர்டு முகத்தில் திரும்பி வந்தால் மூக்கு உடையும். போர்டுக்கும் கரைக்கும் நடுவே நிற்கவே கூடாது. அலை அதை அப்படியே தள்ளிக்கொண்டு வந்து மோதும்.

உடையாத அலைக்குப் போக நுரைச் சுவரைக் கடந்தாக வேண்டும். சின்ன போர்டு என்றால் மூக்கை அமுக்கி அலைக்கு அடியில் புகுந்துவிடலாம். இதை யாராலும் அமுக்க முடியாது. வழி ஒன்றுதான்: அலை வருமுன் ஓரங்களைப் பிடித்து ஆமை மாதிரிக் குப்புறக் கவிழ்ந்து, போர்டை நெஞ்சோடு இழுத்துப் பிடித்து, அலை கடந்ததும் மீண்டும் புரள்வது. மார்பளவு அலைவரை இது வேலை செய்யும். அதற்கு மேல் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். பயந்து போர்டை வீசுவது மட்டும் வேண்டாம். 8 அடி லீஷ் (போர்டைக் கணுக்காலோடு பிணைக்கும் கயிறு), 8 அடி போர்டு, மொத்தம் 16 அடி வட்டத்தில் யார் இருந்தாலும் அடி விழும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே அலை தெற்கிலிருந்து வருகிறது. கரை கிழக்கு பார்த்தது. ஆகவே கடலில் இருந்து கரையைப் பார்ப்பவருக்கு அலை பெரும்பாலும் வலப்பக்கமாக உடைந்துகொண்டே போகும். இடக்காலை முன்வைப்பவர் அலைக்கு முகம் காட்டி ஓட்டுவார்; வலக்காலை முன்வைப்பவர் முதுகு காட்டி ஓட்டியாக வேண்டும். வலக்கால் ஆட்களுக்கு முன்னேற்றம் தாமதமாகத் தெரிந்தால் அது திறமைக் குறைவு இல்லை, கரையின் திசை. அந்த மாதங்களில் விடிகாலைக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடித்து அலை முகத்தைத் தேய்த்த மாதிரி வைத்திருக்கும். வெயில் ஏறி கடற்காற்று திரும்பியதும் எல்லாம் கலைந்துவிடும். ஐந்தரைக்குக் கரையில் இருந்தால் எட்டரைக்குள் வேலை முடிந்துவிடும். அக்டோபரில் வாடை தொடங்கினால் கடலிலிருந்தே காற்று, குழம்பிய அலை, தெற்கே இழுக்கும் நீரோட்டம். கற்றுக்கொள்பவருக்கு அது விடுமுறைக்காலம்.

முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்ப்பது பொதுவான பிழை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் அலை உயரத்தோடு அலைக்கு அலை இடைவெளியையும் இலவசமாக வெளியிடுகிறது. ஒரு மீட்டர் அலை 7 நொடி இடைவெளியில் வந்தால் அது பக்கத்துக் காற்று கிளப்பிய சளசளப்பு. அதே ஒரு மீட்டர் 13 நொடியில் வந்தால் தொலைதூரத்துப் புயல் அனுப்பியது. கரையில் இன்னும் உயரமாக எழும்பும், அடியும் பலமாக இருக்கும். புதியவர் இரண்டாவதை வெறும் எண்ணாகப் படித்துவிட்டு உள்ளே போகக் கூடாது.

கோவளம் முதலில் மீனவர் ஊர், பிறகுதான் சர்ஃபிங். விடிகாலையில் ஃபைபர் படகுகள் கரையேறும் வழி எது என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அதை விட்டு விலகி இருங்கள். அலையில் ஏறி வரும் படகால் நிறுத்தவோ திருப்பவோ முடியாது, பின்னால் புரொப்பல்லர் வேறு சுழலும். வலை போட்ட இடத்தில் லீஷ் சிக்கினால் உடனே கணுக்காலில் இருந்து கழற்றுங்கள்; அதற்காகவே பட்டையின் இழுப்புநுனி எப்போதும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும்.

இனி வெயில் கதை. தெர்மகோல் என்பது காற்று அடைத்த குமிழிகள். சூடேறினால் காற்று விரியும். போக வழியில்லாமல் மேல்தோலைப் பசையிலிருந்து பிரித்துத் தூக்கும். முதல் கோடையிலேயே, கண்ணாடி ஏற்றிய காரில் மே மாத மதியம் மூன்று மணி நேரம் கிடந்ததில், மூக்கிலிருந்து இரண்டடி தள்ளி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்புளம் வந்தது. நெஞ்சு அழுத்தும் இடம் என்பதால் ஒவ்வொரு பேடிலுக்கும் அது பரவியது. ஊசி சிரிஞ்சில் எபாக்சி பசை ஏற்றி, மேலே மணல்மூட்டை வைத்து ஒரு நாள் விட்டதும் ஒட்டிக்கொண்டது, இன்றுவரை பிரியவில்லை. எபாக்சி என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஃபைபர் படகுக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசினோ, செருப்புக்கடை சொல்யூஷனோ பட்டால் தெர்மகோல் உள்ளுக்குள் கரைந்து குழியாகிவிடும். படகு ரிப்பேர்க்காரர் நல்ல எண்ணத்தோடுதான் பூசித் தருவார், போர்டுதான் பிழைக்காது.

இரண்டாவது பலவீனம் ஃபின் திருகுகள். ஃபின்னை மாட்டும் திருகு மேல்தளத்திலிருந்து அடிவரை ஊடுருவிப் போகிறது. தளர்ந்தால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே போகும். ஐந்தாறு முறைக்கு ஒருதரம் ஃபின்னைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கால் சுற்று முறுக்கினால் போதும். பலம் போட்டு இறுக்கினால் வாஷர் ஃபோமுக்குள் புதைந்து இன்னும் பெரிய ஓட்டையாகும். தண்ணீர் குடித்திருக்கிறதா என்று அறிய, வாங்கிய அன்றே எடை போட்டு எழுதி வைத்துக்கொண்டு, சீசன் முடிவில் மறுபடி நிறுத்துப் பார்க்கலாம். மூன்று சீசனில் எங்கள் போர்டு கிட்டத்தட்ட 600 கிராம் ஏறியது. திருகைக் கழற்றி, வால் கீழே இருக்கும்படி நிழலில் சாய்த்து வைத்ததில் இரண்டு நாள் சொட்டிக்கொண்டே இருந்தது.

வளையும் ஃபின் முதல் சீசனுக்கு நல்லது, காலை வெட்டாது. அலையின் குறுக்கே ஓட்டத் தொடங்கியதும் வால் நழுவும். கெட்டியான நைலான் ஃபின்னுக்கு மாற்றியதும் அதே போர்டு வேறு போர்டு போல ஆகிவிட்டது. இதற்கு நாங்கள் இரண்டாம் சீசன்வரை காத்திருந்திருக்கவே வேண்டாம்.

கூடவே வந்த லீஷ் எட்டு மாதத்தில் போய்விட்டது. சுழலும் இணைப்பில் உப்பு இறுகித் திரும்ப மறுத்தது, கயிறு முறுக்கேறி வெட்டு விழுந்தது. மாற்றாக 8 அடி, 7 மில்லிமீட்டர் வாங்கி, ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசியதில் அது ஒன்றேகால் வருடம் தாங்கியது. லீஷைப் பிணைக்கும் சின்னக் கயிறு நீளமாக இருந்தால் விழும்போது வாலின் ஓரத்தைக் கத்தி மாதிரி அறுக்கும். லீஷின் வால்பக்கப் பட்டைதான் ஓரத்தில் படும்படி அதைக் குட்டையாகக் கட்டுங்கள்.

ஃபோமுக்கு வாக்ஸ் தேவையில்லை என்பார்கள். முதல் மூன்று மாதம் உண்மைதான். பிறகு கால் படும் இடம் தேய்ந்து பளபளத்து வழுக்கும். நம் கடலுக்கு டிராப்பிக்கல் என்று எழுதியதைத்தான் வாங்க வேண்டும். குளிர்நீர் வாக்ஸ் போர்டில் இருந்து வழிந்து போகும். பழையதை எடுக்க மண்ணெண்ணெய், தின்னர் பக்கமே போகாதீர்கள், நிழலில் வைத்து பிளாஸ்டிக் சீப்பால் சுரண்டினால் வந்துவிடும். கையில் ஒட்டியதற்குத் தேங்காய் எண்ணெய். மேல்தளத்தின் சொரசொரப்பு வயிற்றையும் முழங்காலையும் உரித்துவிடும் என்பதால் உடம்போடு ஒட்டிய லைக்ரா சட்டை கட்டாயம். காட்டன் பனியன் ஈரத்தில் இன்னும் மோசமாக உராயும்.

முதல் சீசன் முடிவில் எல்லோருக்கும் ஆறடி போர்டு ஆசை வரும். பார்த்தவரை, அப்போது மாறியவர்களில் பலர் மறுபடி நுரைக்கே திரும்பினார்கள். வலப்பக்கம் போகும் அலையில் பத்துக்கு ஆறு முறையாவது குறுக்கே திருப்பி ஓட்ட முடிகிறவரை இதை விட வேண்டாம். பிறகும் ஏழரை அடி, எட்டடியில் எபாக்சி பூசிய கெட்டியான போர்டுக்குப் போவதே சரியான அடுத்த படி. இந்த போர்டின் எல்லை அங்கே தெளிவாகத் தெரியும்: செங்குத்தான அலையில் மூக்கு குத்தும், சட்டென்று திரும்பாது.

பழையதை வாங்குகிறீர்கள் என்றால் மேல்தளம் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள், கொப்புளம் மெத்தென்று அமுங்கும். அடியைத் திருப்பி, மூக்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தகட்டில் குறுக்கே மடிப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளே மரச்சட்டம் ஏற்கெனவே உடைந்திருக்கும். காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே தண்ணீர் இருந்தால் கேட்கும். லீஷைப் பழையதாக வாங்க வேண்டாம், புதிதாகவே வாங்குங்கள்.