அம்மாவோடு இரண்டு நாள் கொல்கத்தா: 11,400 ரூபாயை விழுங்கிய அறைப்பதிவு செயலி

அம்மாவை விமானம் ஏற்றிவிட்டு இப்போதுதான் அறைக்கு வந்தேன். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "போனால் போகட்டும்" என்று விட்டுவிடுவோம், அவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். வெளியூரில் வயதான பெற்றோரோடு தங்க அறை எடுப்பவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அலுவலக வேலையாகக் கொல்கத்தா வந்திருக்கிறேன். சால்ட் லேக் செக்டர் ஃபைவில் வேலை. கம்பெனி கொடுத்த விடுதியில் வீட்டு ஆட்களைத் தங்க வைக்கக் கூடாது. நடுவில் ஒரு சனி, ஞாயிறு முழுதாகக் கிடைத்தது. அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி. ராமகிருஷ்ணரின் மனைவி சாரதா தேவி படத்துக்குப் பூ வைக்காமல் அவள் காபி குடித்து நான் பார்த்ததில்லை. அவர்கள் வாழ்ந்த தட்சிணேஸ்வரம் காளி கோவிலுக்குப் போக வேண்டும் என்று நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். சரி, வாம்மா என்று டிக்கெட் போட்டேன். நெல்லையிலிருந்து ரயிலில் சென்னை, அங்கிருந்து விமானம். அவளுக்கு அதுதான் முதல் விமானப் பயணம்.

தங்குவதற்கு லேக் மார்க்கெட் பக்கம் பார்த்தேன். தமிழர்கள் பல தலைமுறையாக இருக்கும் பகுதி. இட்லி, பில்டர் காபிக்குப் பஞ்சமில்லை. காளிகாட் மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஏறினால் வண்டி மாறாமல் தட்சிணேஸ்வரத்தில் இறங்கலாம். எல்லோரும் பயன்படுத்தும், விளம்பரத்துக்குக் குறைவில்லாத ஒரு அறைப்பதிவு செயலியில் ஒரு இடம் கிடைத்தது. இரண்டு இரவு, காலை உணவோடு 11,400 ரூபாய். படத்தில் லிஃப்ட் தெரிந்தது.

முதலில் நான் அழுத்தியது "ஹோட்டலில் பணம் கட்டலாம்" என்ற வசதியைத்தான். லிஃப்ட் நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்க அவர்களுடைய வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். தமிழுக்கு 4-ஐ அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். ஒரு பையன் எடுத்தான், அவ்வளவு மரியாதையான குரல். "அம்மாவைக் கூட்டிட்டு வர்றீங்களா மேடம்? கவலையே படாதீங்க. லிஃப்ட் இருக்கு, கீழ்த்தளமே வேணும்னாலும் நான் நோட் போட்டுடறேன்" என்றான். நான் கேட்காமலேயே அடுத்ததைச் சொன்னான். "ஆனா மேடம், ராத்திரி லேட்டா வர்றீங்க. ஹோட்டல்ல கட்டறதா இருந்தா ரூமை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. இப்பவே முழுசா கட்டிட்டீங்கன்னா ரூம் உறுதி. எங்கம்மாவா இருந்தா நான் அப்படித்தான் செய்வேன்."

எங்கம்மாவா இருந்தா! அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 11,400 ரூபாய் போனது. போனை வைப்பதற்குள் யூபிஐயில் கட்டிவிட்டேன். "உறுதி செய்யப்பட்டது" என்று பச்சை டிக்கோடு செய்தியும் வந்தது.

வெள்ளிக்கிழமை இரவு விமானம் தாமதம். மஞ்சள் டாக்ஸி பிடித்து அந்தத் தெருவுக்குப் போகும்போது பதினொன்று. பழைய மூன்று மாடி வீடு. லிஃப்ட் இல்லை, இருந்த அடையாளமும் இல்லை. வரவேற்பில் இருந்தவர் என் போனைப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்: "இந்தச் செயலியின் புக்கிங்கை நாங்கள் எடுப்பதில்லை. எங்களுக்கே பாக்கி வைத்திருக்கிறார்கள். அறையும் காலி இல்லை." அவ்வளவுதான். சாவிக் கொத்தை எடுத்து டிராயருக்குள் போட்டார்.

சேவை எண்ணுக்கு அடித்தேன். தமிழுக்கு 4. "அனைத்துப் பிரதிநிதிகளும் வேறு அழைப்பில் உள்ளனர்" என்றது. பணம் கட்டும் வரை ஒரே ரிங்கில் எடுத்த தமிழ், கட்டிய பிறகு ஒரு தடவைகூட எடுக்கவில்லை. இந்திக்குப் போனால் ஒருவர், "ஹோட்டலிடம் பேசுகிறோம், முப்பது நிமிடம் பொறுங்கள்" என்றார். ஹோட்டல்காரர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார், அவருடைய போன் அடிக்கவே இல்லை. அதைச் சொன்னால் லைன் கட். மறுபடி அடித்தால் வேறொருவர், மறுபடி பதிவு எண், மறுபடி முதலிலிருந்து கதை.

அம்மா வாசல் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏட்டி, எதுக்கு அவன்கிட்ட மல்லுக்கட்டுத? வேற எடம் பாப்போம்" என்றாள். முழங்காலை அவள் கை தடவிக்கொண்டே இருந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட வேலை பார்க்கும் ஒரு வங்காளிப் பெண்ணைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். அந்தப் புண்ணியவதிதான் தெரிந்த ஒரு லாட்ஜில் இடம் பிடித்துக் கொடுத்தாள். அது தனிச் செலவு. கிளம்புவதற்கு முன் அந்த வீட்டுப் பெயர்ப்பலகையும் அம்மாவும் தெரிய ஒரு படம் எடுத்து வைத்தேன்.

சனிக்கிழமை எழுந்து கிளம்பி தட்சிணேஸ்வரம் சேர்ந்தபோது மதியம் நடை சாத்தியாகிவிட்டது. மூன்று மணிக்கு மேல்தான் திறப்பார்கள். கங்கைக் கரையில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க நான் அந்தச் செயலியின் சாட்டில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்று ஒரு பதில். அப்புறம், "எங்கள் மேலதிகாரி இன்னும் ஒரு மணி நேரத்தில் அழைப்பார், தயவுசெய்து போனை ஆன் செய்து வைத்திருங்கள். அழைப்பை எடுக்காவிட்டால் புகார் மூடப்படும்" என்று ஒரு பதில்.

கோவிலுக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. நடை திறந்துவிட்டது, வரிசை நகர்கிறது. "நீ பேசிட்டு வாட்டி" என்று அம்மா தனியாக உள்ளே போனாள். இத்தனை வருஷம் ஆசைப்பட்ட இடத்துக்கு ஒரு துணைகூட இல்லாமல், பாஷை தெரியாத கூட்டத்தில் அவள் வரிசையில் நிற்கிறாள். நான் வெளியே போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அழைப்பு வரவே இல்லை. ஒரு மிஸ்டு கால்கூட இல்லை.

வெளியே வந்தவள் முகம் மலர்ந்திருந்தது, அதற்கு மட்டும் காளிக்கு நன்றி. சாரதா தேவி வருஷக்கணக்காக இருந்த, கோவில் வளாகத்து நகபத் என்ற சின்ன அறையைப் பற்றித்தான் வழியெல்லாம் பேச்சு. "நம்ம வீட்டு மாடிப்படிக்கு அடியில இருக்க எடம் கூட அதவிடப் பெரிசுட்டி" என்றாள். நான் அதைப் பார்க்கவில்லை.

இன்று படகில் பேலூர் மடம் போகும்போதுதான் மெயில் வந்தது. "விருந்தினர் வரவில்லை என ஹோட்டல் பதிவு செய்துள்ளது. விதிமுறைப்படி தொகை திரும்ப வழங்கப்படாது." வரவில்லையாம்! பெயர்ப்பலகைக்குக் கீழே, இரவு 11.20-க்கு, என் அம்மா உட்கார்ந்திருக்கும் படத்தை அனுப்பினேன். "படம் ஆதாரமாக ஏற்கப்படாது" என்று பதில். அதே ஹோட்டல்தான் இவர்களுடைய புக்கிங்கை எடுப்பதில்லை என்றது; எடுக்காத புக்கிங்குக்கு நான் வரவில்லை என்று எப்படிப் பதிவு செய்தார்கள்? இதைக் கேட்டதற்கு மட்டும் இதுவரை பதில் இல்லை. யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது என் வேலையும் இல்லை. பணம் வாங்கியது செயலி.

கடைசியில் நல்லெண்ண அடிப்படையில் 1,140 புள்ளிகள் போட்டிருக்கிறார்களாம். அடுத்த முறை அவர்களிடமே அறை எடுத்தால் கழித்துக்கொள்ளலாம். 11,400 ரூபாய்க்கு 1,140 புள்ளி. இதற்கு ஒன்றும் தராமலேயே இருந்திருக்கலாம்.

பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும் வரை பெயர் போட வேண்டாம் என்று வக்கீலாக இருக்கும் சித்தப்பா மகன் சொல்லியிருக்கிறான். வகையைச் சொல்லிவிட்டேன், புரிந்துகொள்ளுங்கள்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன். காலையில் மீட்டிங், இன்னும் ஸ்லைடு ஒன்றும் தயாரில்லை. அவசரமாகச் சில:

முன்பணம் கட்டாதீர்கள். எந்தக் குரல் சொன்னாலும் சரி, ஹோட்டலில் கட்டும் வசதி இருந்தால் அதை விடாதீர்கள்.

கிளம்பும் முன் ஹோட்டலுக்கே நேராகப் பேசி, என் பெயரில் அறை இருக்கிறதா, லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

அறை தராவிட்டால் அந்த இடத்திலேயே நின்று "நான் வந்திருக்கிறேன், அறை மறுக்கிறார்கள்" என்று செயலிக்கு மெயில் அனுப்புங்கள். வரவில்லை என்று பிறகு சொல்ல முடியாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி செயலியின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் மல்லுக்கட்டாமல் அந்த அதிகாரிக்கே எழுதுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொல்கத்தாவுக்கு அலைய வேண்டாம்.

1915-இல் என் புகாருக்கு எண் வந்துவிட்டது. 11,400 ரூபாயும் வர வேண்டும், முழுசாக, புள்ளியாக இல்லை.