காரைக்குடியில் இளம் வெங்காயம் வாங்குவோர் கவனத்திற்கு

காரைக்குடியில் சில காய்கறிக் கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பினால் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் எங்களைப் போன்றோருக்கு இது பெரிய வசதிதான் என்றாலும், தாளோடு கூடிய இளம் வெங்காயத்தை மட்டும் நேரில் பார்த்தே வாங்க வேண்டும் என்பேன். வெங்காயத்தாள் வேண்டும் என்று எழுதி அனுப்பிய எங்களுக்கு வந்த கட்டில் பாதி, பூக்க விட்ட செடியின் தண்டுகளாக இருந்தன. இடையில் உப்பி, நுனியில் மொட்டுடன் நிற்கும் அத்தண்டு எவ்வளவு வதக்கினாலும் நார் நாராகவே இருக்கும். கடைக்காரர் மறுபேச்சின்றி மாற்றித் தந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சந்தையில் சாக்கு விரித்து விற்றுக்கொண்டிருந்த பெண்மணியிடம் வெங்காயத்தாளை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டபோது, ஒரு தாளை நகத்தால் கிள்ளி முனையைக் காட்டினார். "உள்ளே பொந்தா இருந்தா வெங்காயம், ஆச்சி; தட்டையா இருந்தா பூண்டு. மோந்து பாத்தாலே தெரிஞ்சுபோகும்." வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்த லீக்ஸின் இலையும் தட்டைதான், ஆனால் அது பட்டையாக, நடுவில் மடிந்து, ஒன்றையொன்று தழுவியபடி வளர்ந்திருக்கும்.

தாள் வெங்காயத்தினுடையதுதான் என்று தெரிந்தபின் அடியைப் பார்க்க வேண்டும். பெரிய வெங்காயத்தை இளசாகப் பிடுங்கியிருந்தால் செடிக்கு ஒரு குமிழ் திரண்டிருக்கும். சின்ன வெங்காயமாக இருந்தால் ஒரே வேரடியில் பல குமிழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். சிங்கப்பூரில் மீன் சூப்பில் தூவுவதற்கு நாங்கள் வாங்குவது பெரும்பாலும் வேறோர் இனம். அதன் அடி குமிழாகத் திரளாமல் ஏறக்குறைய நேராகவே இருப்பதோடு, தாளைக் குறுக்கே வெட்டினால் முழு வட்டமாகத் தெரியும். நம்மூர் வெங்காயத்தாளோ ஒரு பக்கம் சற்றே தட்டையாக இருக்கும்.

தாளை அறுத்துவிட்டு விற்கும் புதுச் சின்ன வெங்காயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கழுத்து தடித்து ஈரமாகவும், மேல்தோல் சருகாகாமலும் இருந்தால் அது இன்னும் காயவில்லை; எடையில் தண்ணீருக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறோம், மூட்டையாகக் கட்டிவைத்தால் விரைவில் அழுகியும் விடும். அன்று இட்லி, தோசைக்குத் தொட்டுக்கொள்ளச் செய்யும் வெங்காயக் கோஸுக்கு வேண்டுமானால் அதை வாங்கலாம். சிங்கப்பூருக்கு எடுத்துச் செல்வதற்குக் காய்ந்ததே சரி. உரித்த சின்ன வெங்காயமும் பொட்டலமாகக் கிடைக்கிறது, ஆனால் தோலும் கழுத்தும் போனபின் இளசா முற்றலா என்று பார்க்க வழியில்லை என்பதால் நாங்கள் அதை வாங்கவில்லை.